ஆளில்லாத இடம் என்று யார் சொன்னது?

(வேலூரில் நூலக வாசகர்கள் கூடிய ஒரு மாலைக் கூட்டத்தில் பேசியது. பேச்சில் அவசரமாகத் தாண்டிப் போன சில இடங்களை எழுதும்போது கொஞ்சம் விரித்திருக்கிறேன்.)

எல்லாருக்கும் வணக்கம்.

நேராக விஷயத்துக்கு வருகிறேன். 2019இல் மூன்றாகப் பிரிப்பதற்கு முன்னால் இருந்த நம் வேலூர் மாவட்டத்தை மனசில் வைத்துக்கொள்ளுங்கள். அரக்கோணத்தில் தொடங்கி ஆம்பூர், வாணியம்பாடி தாண்டி திருப்பத்தூர் வரைக்கும் நீண்டு கிடந்த மாவட்டம். பரப்பு 6,000 சதுர கிலோமீட்டருக்குக் கொஞ்சம் அதிகம், 2011 கணக்கெடுப்பில் ஜனத்தொகை 39 லட்சம். அதைப்போல மூன்று மடங்கு நிலத்தை எடுத்து, மொத்தத்தையும் ஒரே ஒரு ஊராட்சி என்று அறிவித்து, அதற்குள் சில ஆயிரம் பேரை மட்டும் குடிவைத்தால் எப்படி இருக்கும்? கடற்கரைப் பக்கமிருந்து ரோடு கிடையாது. சின்ன விமானத்தில் போகலாம், இல்லாவிட்டால் ஆற்றோடு படகில் போகலாம். அப்படி ஒரு ஊர் நிஜமாகவே இருக்கிறது. பெயர் மரிபசூலா. பிரான்ஸ் நாட்டிலேயே பரப்பில் பெரிய ஊராட்சி அதுதான். ஆனால் அது இருப்பது ஐரோப்பாவில் இல்லை, தென் அமெரிக்காவில், பிரேசிலுக்கு வடக்கே, பிரெஞ்சு கயானாவில்.

பிரெஞ்சு கயானா தனி நாடு கிடையாது. இனி நான் கயானா என்று சொல்வதெல்லாம் இதைத்தான். 1946லிருந்து சட்டப்படி பிரான்சின் ஒரு மாநிலம் மாதிரி. அங்கே கடைக்குப் போனால் யூரோவில்தான் காசு கொடுக்க வேண்டும். யூரோ நோட்டின் பின்பக்கத்தில் ஐரோப்பா வரைபடம் இருக்கும், அதில் கீழே ஒரு ஓரத்தில் குட்டியாக இந்த நிலத்தையும் போட்டிருப்பார்கள். பாரீசிலிருந்து 7,000 கிலோமீட்டர் தூரம். பிரான்சுக்கு இருக்கிற நில எல்லைகளிலேயே நீளமானது எது என்று கேட்டால் ஸ்பெயின் என்றோ ஜெர்மனி என்றோதான் யாருக்கும் வாயில் வரும். சரியான பதில் பிரேசில். 700 கிலோமீட்டருக்கு மேல், அத்தனையும் காடும் ஆறும். அந்த எல்லையில் ஓயாப்போக் ஆற்றின் மேல் ஒரு பாலம் கட்டி 2011இலேயே வேலையை முடித்துவிட்டார்கள், போக்குவரத்துக்குத் திறந்தது 2017 மார்ச்சில். ஆறு வருஷம் அந்தப் பாலத்தின் கீழே மக்கள் படகிலேயே போய்வந்துகொண்டிருந்தார்கள்.

மொத்தப் பரப்பு சுமார் 84,000 சதுர கிலோமீட்டர், கிட்டத்தட்ட தமிழ்நாட்டில் மூன்றில் இரண்டு பங்கு. மக்கள் மூன்று லட்சம் பேர் அளவில். அவர்களிலும் பெரும்பாலானவர்கள் தலைநகர் கயேன், கூரு, சான் லோரான் என்று கடலோரத்து ஊர்களிலேயே இருக்கிறார்கள். உள்ளே போனால் காடுதான், நூற்றுக்குத் தொண்ணூறு பங்குக்கு மேல் காடு. மலை என்று சொல்லிக்கொள்ளப் பெரிதாக எதுவும் இல்லை. இருப்பதிலேயே உயரமான இடம் 851 மீட்டர், நம் ஏலகிரி அதைவிட உயரம். மழை மட்டும் கொட்டித் தீர்க்கும். வேலூரில் வருஷம் முழுக்கப் பெய்வதைக் கூட்டினாலும் 1,000 மில்லிமீட்டர் பக்கம்தான் வரும், அங்கே கடலோரத்தில் 3,000, சில இடங்களில் 4,000 வரைக்கும் போகும்.

இந்த இடத்தைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் "யாரும் இல்லாத பச்சைப் பாலைவனம்" என்கிற மாதிரிதான் தொடங்குவார்கள். எனக்கு அதில் சம்மதம் இல்லை. யாரும் இல்லை என்று முடிவு செய்துவிட்டால் அந்த இடத்தை என்ன வேண்டுமானாலும் செய்யலாம் என்ற துணிச்சல் வந்துவிடுகிறது. இருநூற்றைம்பது வருஷத்துக்கும் மேலாக அங்கே நடந்தது அதுதான். இன்றைக்கு அதைத்தான் சொல்ல வந்திருக்கிறேன்.

முதல் கதை 1763இல். ஏழாண்டுப் போரில் பிரான்ஸ் கனடாவை இழந்துவிட்டது. இழந்ததற்கு ஈடாக இன்னொரு குடியேற்றம் வேண்டும் என்று மந்திரி ஷ்வாசேல் கயானாவைப் பிடித்துக்கொண்டார். ரைன் நதிக்கரை, அல்சாஸ், லொரேன் பக்கத்து ஏழை விவசாயிகளிடம் நிலம் தருகிறோம், செழிப்பான பூமி என்று ஆசை காட்டிப் பன்னிரண்டாயிரம் பேருக்கு மேல் கப்பல் ஏற்றிவிட்டார்கள். கூருவில் இறங்கியபோது தங்க வீடு இல்லை, உணவுக் கையிருப்பு இல்லை, மழைக்காலம் வேறு. காய்ச்சலும் வயிற்றுப்போக்கும் பரவின. இரண்டே வருஷத்துக்குள் வந்தவர்களில் பெரும்பாலானவர்கள் செத்துப் போனார்கள், ஆயிரக்கணக்கில். தப்பியவர்களில் பலர் கரைக்கு எதிரே இருக்கிற மூன்று சின்னத் தீவுகளுக்கு ஓடினார்கள், அங்கே கடல் காற்றில் கொசு குறைவு என்பதால். அந்தக் கரையில் கலினா மக்கள் அதற்கு முன்னால் பல தலைமுறையாக நன்றாகவே வாழ்ந்துகொண்டிருந்தார்கள் என்பதை யோசித்துப் பாருங்கள். எதைச் சாப்பிடுவது, எந்த மேட்டில் குடிசை போடுவது, எந்த மாதத்தில் எதை நடுவது எல்லாம் அவர்களுக்குத் தெரியும். கேட்கத்தான் ஆள் வரவில்லை.

அந்த மூன்று தீவுகளில் ஒன்றின் பெயர் உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும். பிசாசுத் தீவு.

1848இல் அடிமை முறையை ஒழித்ததும் தோட்டங்களில் வேலைக்கு ஆள் இல்லாமல் போனது. 1852இல் மூன்றாம் நெப்போலியன் ஆட்சியில் கயானாவைத் தண்டனைக் குடியிருப்பாக மாற்றினார்கள். ஒரு நூற்றாண்டில் எழுபதாயிரம் கைதிகள் அளவில் அங்கே அனுப்பப்பட்டார்கள். அதில் கொலைகாரர்களும் இருந்தார்கள், சின்னத் திருட்டைத் திரும்பத் திரும்பச் செய்து மாட்டிக்கொண்டவர்களும் இருந்தார்கள், அரசியல் கைதிகளும் இருந்தார்கள். 1931இல் வியட்நாம் பக்கத்திலிருந்து, பிரெஞ்சு ஆட்சியை எதிர்த்தவர்கள் உள்பட, ஐந்நூறு பேருக்கு மேல் கொண்டுவந்து காட்டுக்குள் தனிச் சிறை கட்டி அடைத்தார்கள்.

எனக்கு இதில் மிகக் கொடுமையாகப் படுவது சிறை இல்லை, விடுதலை. 1854இல் ஒரு சட்டம் போட்டார்கள். ஐந்து வருஷத் தண்டனை என்று வைத்துக்கொள்ளுங்கள், அதை முடித்துவிட்டு வெளியே வந்தால் இன்னும் ஐந்து வருஷம் கயானாவிலேயே இருந்தாக வேண்டும். எட்டு வருஷமோ அதற்கு மேலோ தண்டனை வாங்கியவன் ஆயுள் முழுக்க அங்கேயேதான். விடுதலை ஆனவனுக்கு வேலை கிடைக்காது, ஏனென்றால் கைதிகளைக் கொண்டு சும்மாவே வேலை வாங்கிக்கொள்ளும்போது அவனுக்கு யார் கூலி கொடுப்பார்கள்? சாப்பாட்டுக்கு வழி இல்லாமல் கயேன் தெருக்களில் சுற்றித் திரிந்தார்கள். ஊருக்குள் ஒரு மனுஷனைத் திரும்ப விட்டுவிடக்கூடாது என்பதற்காகவே யோசித்து எழுதின சட்டம் அது. அந்த ஆட்களைச் சுமந்தது யார்? கயேன்வாசிகள். அவர்களை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

பிசாசுத் தீவில் அடைபட்டவர்களில் உலகமே அறிந்த பெயர் ஆல்ஃபிரட் டிரைஃபஸ். பிரெஞ்சு ராணுவத்தில் கேப்டன், யூதர். ஜெர்மனிக்கு ரகசியம் விற்றதாகப் பொய் வழக்கு. 1895 ஏப்ரலிலிருந்து 1899 ஜூன் வரை அந்தத் தீவில் ஒரு குடிசையில் தனியாக. காவலாளிகளுக்கு அவரோடு பேசக்கூடாது என்று உத்தரவு. 1896இல் அவர் தப்பிவிட்டார் என்று ஒரு வதந்தி கிளம்பியதும் ராத்திரி முழுக்கக் காலில் விலங்கு மாட்டிக் கட்டிலோடு பூட்டினார்கள், கடல் தெரியாதபடி குடிசையைச் சுற்றி வேலி எழுப்பினார்கள். 1906இல்தான் குற்றமற்றவர் என்று தீர்ப்பு வந்தது.

நம் ஊருக்கு இது அந்நியமான விஷயம் இல்லை. நம் கோட்டைக்குள் திப்பு சுல்தானின் குடும்பத்தை வைத்திருந்தார்கள். கண்டியின் கடைசி அரசர் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கனை 1816இல் கொண்டுவந்து, 1832இல் சாகும்வரை இங்கேதான் வைத்திருந்தார்கள். பாலாற்றங்கரையில் முத்து மண்டபத்துக்குப் போகிறவர்களுக்கு இது தெரியும். தனக்கு வேண்டாதவனைத் தன் கண்ணுக்குப் படாத தூரத்தில் வைப்பது எல்லாப் பேரரசுகளுக்கும் கைவந்த வழக்கம்.

அந்தத் தண்டனைக் குடியிருப்பை மூட வைத்ததில் இரண்டு பேரைச் சொல்ல வேண்டும். ஆல்பேர் லோந்த்ர் என்ற பத்திரிகையாளர் 1923இல் அங்கே போய்ப் பார்த்து எழுதியது பிரான்சை உலுக்கியது. இன்னொருவர் கயேனிலேயே பிறந்த காஸ்தோன் மொனர்வீல், அடிமைகளின் வம்சத்தில் வந்த வக்கீல். நாடாளுமன்றத்துக்குப் போய் விடாமல் போராடினார். 1938இல் புதிதாகக் கைதிகளை அனுப்புவது நின்றது, மிச்சம் இருந்த கடைசிக் கைதிகள் ஊர் திரும்பியது 1953இல். மொனர்வீல் பிற்பாடு பிரெஞ்சு மேலவையின் தலைவராகவே ஆனார். கயேனில் பிறந்த இன்னொருவர் கிறிஸ்தியான் தொபிரா. அடிமை வணிகமும் அடிமை முறையும் மனிதகுலத்துக்கு எதிரான குற்றம் என்று பிரான்ஸ் 2001இல் சட்டம் போட்டதே, அதைக் கொண்டுவந்தவர் அந்த அம்மா. மூன்று லட்சம் பேர் உள்ள ஒரு மூலையிலிருந்து வந்தவர்கள் இவர்கள்.

அப்புறம் நம் ஆட்கள். இதைச் சொல்லாமல் என்னால் தாண்ட முடியாது. 1850களிலிருந்து 1870கள் வரை புதுச்சேரி, காரைக்கால் துறைமுகங்களிலிருந்து எட்டாயிரம் பேருக்கு மேல் ஒப்பந்தக் கூலிகளாகக் கயானாவுக்குப் போனார்கள். பெரும்பகுதி தமிழர்கள். 1855இல் அங்கே அப்ரூவாக் ஆற்றுப் பக்கம் தங்கம் கிடைத்தது, கரும்புத் தோட்டத்துக்கு என்று கூட்டிப் போனவர்களில் பலரைக் காட்டுக்குள் தங்கக் குழிகளில் இறக்கிவிட்டார்கள். சாவு எண்ணிக்கை எந்த அளவுக்குப் போனதென்றால், கூலி அனுப்புவதில் கொஞ்சமும் கூச்சப்படாத பிரிட்டிஷ் இந்திய அரசாங்கமே 1870களின் நடுவில் கயானாவுக்கு மட்டும் ஆள் அனுப்பக்கூடாது என்று நிறுத்தியது. மார்த்தினிக், குவாதலூப் தீவுகளுக்குப் போன நம் ஆட்களின் சந்ததி இன்றைக்கும் மாரியம்மனைக் கும்பிடுகிறது, நாகூர் ஆண்டவர் பெயரைச் சொல்கிறது. கயானாவில் பிழைத்தவர்கள் மிகக் குறைவு, அவர்களும் ஆப்பிரிக்க, ஐரோப்பிய வம்சங்கள் கலந்த கிரியோல் மக்களோடு கலந்துவிட்டார்கள். வட ஆற்காட்டிலிருந்து தென் ஆப்பிரிக்காவின் நேட்டாலுக்குக் கரும்பு வெட்டப் போனவர்களின் பேரப் பிள்ளைகள் இன்றைக்கும் பூர்வீக ஊரைத் தேடி வருகிறார்கள். கயானாவிலிருந்து அப்படித் தேடிவர ஆள் மிஞ்சவில்லை.

சரி, அந்தக் காட்டுக்குள் நிஜமாகவே இருப்பவர்கள் யார் யார் என்று பார்ப்போம். கலினா, லொகோனோ, பாலிகுர், வயானா, வயாம்பி, தேக்கோ என்று ஆறு பழங்குடி மக்கள். இவர்களில் கலினா மக்கள் முப்பது பேரளவுக்கு 1892இல் பாரீசுக்குக் கொண்டுபோய் ஒரு பூங்காவில் வேடிக்கைப் பொருளாக நிறுத்தினார்கள், குளிர் தாங்காமல் சிலர் அங்கேயே இறந்தார்கள். அடுத்து அலுக்கு, இந்த்யூக்கா, பரமாக்கா, சரமாக்கா மக்கள். பக்கத்து டச்சுக் குடியேற்றமான சுரிநாமின் தோட்டங்களிலிருந்து தப்பிக் காட்டுக்குள் ஓடி, அங்கேயே ஊர் கட்டி, துப்பாக்கியோடு வந்த டச்சுப் படையை எதிர்த்து நின்று சுதந்திரத்தை வாங்கிய ஆப்பிரிக்க வம்சத்தார். மரோனி ஆற்றில் பாறையும் சுழலும் நிறைந்த இடங்களில் நீளமான மரப்படகை ஓட்டிச் செல்வது இவர்கள் கைவித்தை. அரிசி மூட்டை, டீசல் பீப்பாய், பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகள் எல்லாம் அந்தப் படகில்தான். தவிர லாவோஸ் போருக்குப் பிறகு அகதியாக வந்த ஹ்மோங் மக்கள். 1977இல் கக்காவோ என்ற இடத்தில் காட்டைத் திருத்தக் கொடுத்தார்கள். அந்த மண்ணில் ஒன்றும் விளையாது என்று சொல்லப்பட்டு வந்தது, இன்றைக்குக் கயானா மக்கள் சாப்பிடுகிற காய்கறி, பழத்தில் பெரும்பங்கு ஹ்மோங் விவசாயிகள் விளைவித்தது.

கடற்கரையைப் பற்றி ஒரு விஷயம், எனக்கு ரொம்பப் பிடித்தது, கொஞ்சம் நிதானமாகவே சொல்கிறேன். அமேசான் ஆறு வருஷத்துக்குப் பல கோடி டன் வண்டலைக் கடலில் கொண்டுவந்து தள்ளுகிறது. அதில் ஒரு பங்கு கடல் நீரோட்டத்தோடு வடமேற்கே திரும்பி, கயானா கரையை ஒட்டி நகர்கிறது. சும்மா கலங்கல் தண்ணீராக இல்லை, பத்து இருபது கிலோமீட்டர், சில சமயம் அதற்கும் மேல் நீளமுள்ள சேற்றுத் திட்டுகளாக. ஒவ்வொரு திட்டும் வருஷத்துக்கு ஒன்றிரண்டு கிலோமீட்டர் என்று கரையோரமாகவே ஊர்ந்துகொண்டு போகும். திட்டு ஒரு ஊருக்கு முன்னால் வந்து நின்றால் அலை அடங்கிவிடும், மணல் கடற்கரை சேற்றுக்குள் மறையும், அந்தச் சேற்றில் அலையாத்தி விதைகள் வந்து ஒட்டி, சில வருஷத்தில் கடற்கரை இருந்த இடத்தில் காடு எழும்பி நிற்கும். அரிவாள் மூக்கன் இனத்தில் ரத்தச் சிவப்பாக ஒன்று உண்டு, அது கூட்டம் கூட்டமாக வந்து சேறு கிளறும். அப்புறம் திட்டு நகர்ந்து போய்விடும். அலை திரும்ப வரும், காட்டை வேரோடு பிடுங்கும், மறுபடி மணல். ஒரு மனுஷன் ஆயுசில் தன் ஊர்க் கடற்கரை மணலாகவும் காடாகவும் மாறி மாறி இருப்பதைப் பார்க்கலாம். கடலோரத்தில் கோடு போட்டு நிரந்தரமாக எதையும் கட்ட முடியாது. துறைமுகங்களில் தூர்வாரிக்கொண்டே இருக்க வேண்டும். மேற்குக் கோடியில் அவாலா-யாலிமாப்போ என்ற கலினா ஊரில், ஓட்டுக்குப் பதிலாகத் தடித்த தோல் போர்த்திய ராட்சத ஆமைகள் முட்டையிட வருகின்றன. முன்பு மாதிரி வருவதில்லை, எண்ணிக்கை ரொம்பக் குறைந்துவிட்டது.

இப்போது கூருவுக்குத் திரும்ப வருவோம். ஆயிரக்கணக்கானவர்கள் காய்ச்சலில் செத்த அதே கூரு. அல்ஜீரியா 1962இல் விடுதலை அடைந்ததும் சகாராவில் வைத்திருந்த ராக்கெட் தளத்தைப் பிரான்ஸ் காலி செய்ய வேண்டியதாயிற்று. மாற்று இடம் தேடி 1964இல் கூருவைத் தேர்ந்தெடுத்தார்கள். கணக்கு ரொம்பச் சரி. பூமத்திய ரேகைக்கு வடக்கே ஐந்து டிகிரியில் இருக்கிறது. பூமி மேற்கிலிருந்து கிழக்காகச் சுழல்வதால் அந்த இடமே வினாடிக்கு 460 மீட்டருக்கு மேல் நகர்ந்துகொண்டிருக்கிறது, கிழக்கு நோக்கி ஏவினால் அந்த வேகம் ராக்கெட்டுக்கு இலவசம். அதைவிட முக்கியம், பூமத்திய ரேகைக்கு நேர் மேலே நிற்க வேண்டிய தொலைத்தொடர்புச் செயற்கைக்கோள்களைக் கூருவிலிருந்து ஏவினால் பாதையைத் திருப்புவதற்கு எரிபொருள் அதிகம் செலவாகாது. கிழக்கும் வடக்கும் திறந்த கடல், கோளாறு வந்து விழுந்தால் தண்ணீரில் விழும். புயல் வராது. நில நடுக்கம் அபூர்வம். கடைசியாக ஒரு காரணம் எழுதியிருப்பார்கள், ஜனநெருக்கம் குறைவு.

அந்தக் குறைந்த ஜனங்களும் ஜனங்கள்தானே. தளம் கட்டும்போது அந்தக் கரையில் சின்னக் கிராமங்களில் மீன் பிடித்துக் கொல்லை வைத்துப் பிழைத்த கிரியோல் குடும்பங்களைக் கிளப்பி ஊருக்குள் கொண்டுவந்து வீடு கொடுத்தார்கள். நம் ஸ்ரீஹரிகோட்டாவையும் 1969இல் தேர்ந்தெடுத்தபோது சொன்ன காரணங்கள் கிட்டத்தட்ட இதேதான். அந்தத் தீவில் இருந்தவர்கள் யானாதிகள் என்ற பழங்குடி மக்கள்.

கூருவை வெறும் வில்லனாக்கிவிட்டுப் போகவும் எனக்கு மனசு வரவில்லை, ஏனென்றால் நாம் எல்லாரும் அதன் பயனாளிகள். 1981 ஜூன் 19 அன்று ஏரியன் ராக்கெட் கூருவிலிருந்து ஏவியது இந்தியாவின் ஆப்பிள் செயற்கைக்கோளை. புவிநிலைச் சுற்றுப்பாதைக்காக நாம் கட்டிய முதல் தொலைத்தொடர்புச் செயற்கைக்கோள் அது, மாட்டு வண்டியில் வைத்து எடுத்த அதன் படத்தைப் பார்க்காதவர்கள் குறைவு. இரும்புச் சட்டம் உள்ள லாரியில் வைத்தால் அலைவாங்கிச் சோதனை கெடும், அதற்காகத்தான் மரவண்டி. அந்தத் திட்டத்துக்கு இயக்குநராக இருந்தவர் ஆர்.எம். வாசகம், பிற்பாடு அண்ணா பல்கலைக்கழகத் துணைவேந்தர். அதற்குப் பிறகு இன்சாட், ஜிசாட் வரிசையில் எத்தனையோ கூருவிலிருந்து போனவைதான். 2018 டிசம்பரில் போன ஜிசாட்-11 மட்டும் 5,854 கிலோ. இங்கே வீட்டு மாடிகளில் சாய்ந்து நிற்கிற டிஷ் கிண்ணங்களுக்கு வரும் படம் பலகாலம் அங்கிருந்து ஏறிய யந்திரங்கள் வழியாகவே வந்தது. 2021 கிறிஸ்துமஸ் அன்று ஜேம்ஸ் வெப் தொலைநோக்கி கிளம்பியதும் அங்கேதான்.

தொலைநோக்கி என்றதும் நம் காவலூர் வானாய்வகம் ஞாபகம் வராமல் இருக்காது. ஜவ்வாது மலையில், பழைய வட ஆற்காட்டில், 1960களின் கடைசியில் வானியலாளர் வைணு பாப்பு அந்த இடத்தைப் பிடித்ததற்கும் இதே மாதிரி காரணங்கள்தான். பன்னிரண்டரை டிகிரி அட்சரேகை, அதனால் தென் வானத்தையும் நிறையப் பார்க்கலாம். அக்கம்பக்கத்தில் பெரிய ஊர் இல்லை, ராத்திரியில் வெளிச்சம் இல்லை. வெளிச்சம் இல்லை என்பது வானியலாளருக்கு வசதி, மலையில் இருந்த மலையாளிப் பழங்குடி மக்களுக்கு அது மின்சாரம் இல்லை என்பதுதான். இரண்டும் ஒரே இடத்தைப் பற்றிய உண்மை. 2.34 மீட்டர் தொலைநோக்கி 1986இல் திறக்கப்பட்டபோது ஆசியாவின் பெரிய தொலைநோக்கிகளில் ஒன்று, எனக்கு அதில் பெருமைதான். ஆனாலும் அந்த மலையில் பிரசவ வலி எடுத்தவர்களை டோலி கட்டித் தூக்கி இறக்கின கதைகளைக் கேட்டு வளர்ந்தவர்கள் இந்தக் கூட்டத்திலேயே இருக்கிறீர்கள்.

கூருவில் அந்த முரண்பாடு வெடித்தது 2017இல். மார்ச் மாதம் பொது வேலைநிறுத்தம். சாலைகளை மறித்தார்கள், கயேனிலும் சான் லோரானிலும் ஊரே திரண்டு நடந்தது, ஏரியன் ராக்கெட் ஏவ முடியாமல் நின்றது, ஏப்ரலில் போராட்டப் பிரதிநிதிகள் விண்வெளி மையத்துக்குள்ளேயே போய் உட்கார்ந்துவிட்டார்கள். கேட்டது என்ன? ஆஸ்பத்திரி, டாக்டர், பள்ளிக்கூடம், பயமில்லாமல் தெருவில் நடக்கப் பாதுகாப்பு, உள்நாட்டு ஊர்களுக்குக் கரண்ட். பல கோடி யூரோ பெறுமானமுள்ள ராக்கெட் வானத்துக்குப் போகிற அதே மாநிலத்தில் ஆற்றோரப் பிள்ளைகள் தொடக்கப் பள்ளிக்கு மேல் படிக்க வீட்டை விட்டுப் போய் எங்கேயோ தங்க வேண்டியிருந்தது. ஏப்ரல் 21ஆம் தேதி அரசாங்கம் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டது. நின்றுபோன ராக்கெட் மே மாதம் போனது.

கடைசியாகத் தங்கம். இதைச் சொல்லும்போது பாலாறு கண் முன்னால் வருவதைத் தடுக்க முடியவில்லை. உள்காட்டில் ஆயிரக்கணக்கானவர்கள் அனுமதியில்லாமல் தங்கம் எடுக்கிறார்கள், பெரும்பாலும் பிரேசிலிலிருந்து எல்லை தாண்டி வருகிற ஏழைகள். ஓடைக் கரையை மோட்டார் தண்ணீர் பீய்ச்சிக் கரைத்து, சேற்றோடு பாதரசத்தைக் கலக்கிறார்கள். தங்கத்தூள் பாதரசத்தோடு ஒட்டி உருண்டையாகிவிடும். அதைச் சூடாக்கினால் பாதரசம் ஆவியாகிப் போய் தங்கம் நிற்கும். போன பாதரசம் எங்கும் போகவில்லை, மழையோடு இறங்கி ஆற்றுக்கு வருகிறது. அடிச் சேற்றில் இருக்கிற நுண்ணுயிரிகள் அதை மெத்தில் பாதரசமாக மாற்றுகின்றன, சின்ன மீன் தின்று, அதைப் பெரிய மீன் தின்று, ஒவ்வொரு படியிலும் அடர்த்தி ஏறி, கடைசியில் மேல் மரோனியில் தினம் மீன் சாப்பிடுகிற வயானா குடும்பத்தின் தட்டுக்கு வருகிறது. ஜப்பானில் மினமாட்டாவைக் கெடுத்த அதே பொருள். கர்ப்பிணி சாப்பிட்டால் வயிற்றுக் குழந்தையின் மூளையைப் பாதிக்கும். அந்தத் தாய்மார்களின் தலைமுடியைச் சோதித்துப் பாதரச அளவு அதிகம் என்று விஞ்ஞானிகள் சொல்லிவிட்டார்கள், பெரிய மீனைச் சாப்பிடாதே என்று அறிவுரையும் கொடுத்துவிட்டார்கள். ஆற்றங்கரையில் வாழ்பவரிடம் மீனைச் சாப்பிடாதே என்றால் வேறு எதைச் சாப்பிடுவது? தங்கச் சுரங்கங்களில் பாதரசத்தைப் பிரான்ஸ் 2006லிருந்து தடை செய்திருக்கிறது, 2008லிருந்து ராணுவத்தையும் போலீசையும் காட்டுக்குள் அனுப்பி முகாம்களை எரிக்கிறார்கள். அழித்த முகாம் சில வாரத்தில் பக்கத்து ஓடையில் முளைக்கிறது.

இதைக் கேட்டு நமக்கு ஆச்சரியம் வரக்கூடாது. தோல் பதனிடும் தொழிற்சாலைக் கழிவுக்காக நம் மாவட்டத்து மக்கள் உச்ச நீதிமன்றம் வரைக்கும் போனார்கள், 1996 ஆகஸ்ட் 28 அன்று வந்த தீர்ப்பு இன்றைக்கும் சட்டக் கல்லூரிகளில் பாடம். மாசுபடுத்தினவனே ஈடு கொடுக்க வேண்டும் என்ற கொள்கை இந்தியச் சட்டத்தில் உறுதியாக நின்றது அந்த வழக்கால்தான். அப்படி இருந்தும் ராணிப்பேட்டையில் மூடிப் போன ஒரு ஆலையின் குரோமியக் கழிவு மலை மாதிரி கிடந்து நிலத்தடி நீரை மஞ்சளாக்கியது. நாம் லட்சக்கணக்கில் இருந்தோம், வக்கீல்கள் இருந்தார்கள், பத்திரிகைகள் இருந்தன. மேல் மரோனியில் இருப்பவர்கள் சில ஆயிரம் பேர், பக்கத்துக் கோர்ட்டுக்குப் போகவே விமானம் ஏற வேண்டும். வயானா மக்கள் அப்படியும் விடவில்லை, தங்கள் ஊர்களில் சங்கம் வைத்துப் புகார் எழுதிக்கொண்டே இருக்கிறார்கள்.

பேசி முடித்ததும் ஒரு தம்பி எழுந்து, "சார், அங்கே நாம் போய்ப் பார்க்க முடியுமா?" என்று கேட்டார். முடியும். பாரீசிலிருந்து கயேனுக்கு நேர் விமானம் இருக்கிறது, ஒன்பது மணி நேரம் ஆகும். ஐரோப்பா சுற்ற வாங்குகிற ஷெங்கன் விசா செல்லாது, கயானா ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் இருந்தாலும் ஷெங்கனுக்கு வெளியே, அதற்குத் தனி விசா வேண்டும். மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசிச் சான்று இல்லாமல் இறங்க விடமாட்டார்கள், திரும்பி இந்தியா வரும்போதும் அதைக் கேட்பார்கள். கயேன், கூரு, தீவுகள், சவுல் என்ற நடுக்காட்டு ஊர் எல்லாம் தாராளமாகப் பார்க்கலாம். ஆனால் தெற்கே, பழங்குடி மக்கள் இருக்கிற பகுதிக்குள் நுழைய அரசாங்கத்திடம் அனுமதிக் கடிதம் வாங்க வேண்டும். 1970இல் போட்ட உத்தரவு. வெளியிலிருந்து வருகிறவர்கள் கொண்டுவரும் நோய்களிலிருந்து அந்த மக்களைக் காப்பாற்றுவதற்காகப் போட்டது. சுற்றுலாப் பயணிகளும் ஆராய்ச்சியாளர்களும் அதற்கு மனுப் போட்டுக் காத்திருக்கிறார்கள். பாதரசக் குடுவையோடு ஆற்றைத் தாண்டுகிறவர்கள் மனுப் போடுவதில்லை.